அமாவாசையைக் கழித்த கணக்கு

கனகாவோடு எங்கேயும் நிம்மதியாகப் போய்வர முடியாது. போன தசராவுக்கு எங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து பொருட்காட்சிக்குப் போனோம். எல்லோரும் ராட்டினத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவள் மிளகாய் பஜ்ஜிக் கடைக்கு எதிரே நின்றுகொண்டு ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியில் என் காதருகே வந்து, "பாவம் சார், இவர் கட்டியிருக்கற வாடகைக்கு ஒண்ணும் மிஞ்சாது," என்றாள். பஜ்ஜி என் தொண்டையில் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அந்தக் கடை காலியாகிவிட்டது என்று கேள்விப்பட்டபோது எனக்கு அவள்மேல் எரிச்சல்தான் வந்தது.

நான் அய்யாவு. மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். தொழில் தொடங்க வங்கியில் கடன் கேட்பவர்களின் திட்டத்தைப் போய்ப் பார்த்து, அது ஓடுமா ஓடாதா என்று அறிக்கை எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு அறிக்கையிலும் இரண்டு கையெழுத்து வேண்டும். பதினொரு வருஷமாக முதல் கையெழுத்து கனகாவுடையது, இரண்டாவது என்னுடையது. அவள் எண்ணுவாள், நான் நம்புவேன். அப்படித்தான் பிழைப்பு ஓடியது.

அவளுக்கு ஊர் ராமாபுரம். அப்பாவுக்கு பஸ் நிற்கும் இடத்தில் தேங்காய், கற்பூரக் கடை. மாதேஸ்வரன் மலைக்குப் போகிற கூட்டத்தை நம்பி நன்றாகவே நடந்த கடை. எவனோ ஒருத்தன் கொள்ளேகாலில் இன்னொரு கடை போட்டால் ஓகோ என்று ஓடும் என்று சொல்ல, மனுஷன் இரண்டு ஏக்கரை அடமானம் வைத்துப் போட்டார். பதினாலு மாதத்தில் கடையும் போயிற்று, நிலமும் போயிற்று. "அந்தக் கடை வாசல்ல ஒரு வாரம் உக்காந்து எத்தன பேர் போறாங்கன்னு யாராச்சும் எண்ணியிருந்தா போதும் சார்," என்பாள். வேறு எதைப் பற்றிப் பேசினாலும் சிரிப்பவள் இதைப் பேசும்போது சிரிக்க மாட்டாள். பி.காம். படித்து, ஹெப்பாள் பட்டறையில் வேலை செய்யும் யுவன் என்பவனைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தவள் இந்த வேலையில் வந்து சேர்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

எண்ணுவதற்கு அவளிடம் ஒரு வழி உண்டு. பையின் ஒரு பக்கம் நிறையப் புளியங்கொட்டை. ஆள் ஒருவர் கடந்தால் ஒரு கொட்டையை மறு பக்கத்துக்கு மாற்றுவாள். வாய் பேசிக்கொண்டிருக்கும், கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். இப்படி மூன்று நாளாவது உட்காராமல் எந்த அறிக்கையும் எழுதியதில்லை.

கோம்பைத்தொட்டிக்கும் அப்படித்தான் போனாள். மலைக்கு நடந்து போகிறவர்களின் காட்டுப்பாதையில், ஒரு பள்ளத்தை ஒட்டி இருபத்திரண்டு வீடு. அங்கே பெண்கள் சங்கம் ஒன்று. செயலாளர் பூங்குழலிக்கு இருபத்தாறு வயது. ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவள். வந்த இரண்டு வரனையும் தட்டிக்கழித்துவிட்டு, காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஆறு அறை கட்டி ஊரே நடத்துவது என்று சங்கத்தைச் சம்மதிக்க வைத்திருந்தாள். காலையில் பறவை பார்ப்பது, ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிடுவது, வனத்துறை விட்ட எல்லைவரை நடப்பது என்று எல்லாம் தெளிவாக எழுதி வைத்திருந்தாள். கடன் இருபத்து நான்கு லட்சம். அதற்கு ஈடாக இருபத்திரண்டு வீட்டு நிலப் பத்திரம்.

கனகா கணக்குப் போட்டாள். ஒரு அறைக்கு ஒரு இரவு ஆயிரத்து ஐந்நூறு. செலவு போகத் தொள்ளாயிரம் நிற்கும். வருஷத்தில் நூற்றுப்பதினாறு நாள் ஆறு அறையும் நிரம்பினால் தவணை கட்டிவிடலாம். அவள் கணக்கில் நூற்றுமுப்பது நாள் வந்தது. அதில் எண்பது நாள் மைசூர், பெங்களூர்க்காரர்கள். மீதி ஐம்பது நாள் அமாவாசை, சிவராத்திரி, யுகாதி, தீபாவளிக்கு மலைக்கு நடந்து வருகிறவர்கள். அந்தக் கூட்டத்தை அவளே கண்ணால் பார்த்து எண்ணியிருந்தாள். அறிக்கை போனது. என் கையெழுத்தும் வழக்கம்போலக் கீழே போனது. வங்கி கடனைச் சம்மதித்துக் கடிதம் அனுப்பியது.

அடிக்கல் போடுவதற்கு நாள் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். வரவேற்றது மாதம்மா, சங்கத்தின் தலைவி. அன்றைக்கு அவர் கொடுத்த மோரைப் போல ஒரு மோரை நான் மைசூரில் குடித்ததில்லை. அந்த அம்மாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தையும் பார்த்ததில்லை.

"எல்லாம் நீ எழுதிக் குடுத்த காயிதம்தான் அம்மிணி," என்று கனகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி அமாவாசைக்கு நடந்து வர்ற சனம் மழையில நனைய வேண்டாம். ஆறு ரூம்லயும் படுக்க வெச்சிருவோம்."

கனகா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "அன்னைக்கி ரூமுக்கு அதே ஆயிரத்தி ஐநூறுதானுங்களா, இல்ல கூட்டி வாங்கப் போறீங்களா?"

"ஆருகிட்ட?"

"நடந்து வர்றவங்ககிட்ட."

மாதம்மா கையை விட்டுவிட்டார். "நடந்து வர்றவங்ககிட்ட காசு வாங்கறதா? நல்லா கேட்ட போ! எங்கூர்ல தண்ணிக்கும் நெழலுக்கும் சோத்துக்கும் நடக்கறவங்ககிட்ட ஒத்த ரூவா வாங்க மாட்டோம். மாதேஸ்வரனுக்குச் செய்யறது அது."

அந்த ஊரில் அமாவாசைக்கு ஒவ்வொரு வீடும் ஒரு வள்ளம் ராகி மாவு, ஒரு கட்டு விறகு, வேலைக்கு ஆள் என்று கொண்டுவந்து பொது அடுப்பில் களி கிண்டிப் போடுவார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கனகா ராமாபுரத்துக்காரி என்று பேர். ஆனால் அவள் அறிந்த யாத்ரீகர்கள் பஸ்ஸில் வந்து அப்பாவிடம் தேங்காய்க்குப் பேரம் பேசியவர்கள். கோம்பைத்தொட்டியில் போய், "இந்தக் கூட்டம் தங்குமா?" என்று கேட்டிருக்கிறாள். "தங்காம? எங்க வாசல்லதான் படுக்கும்," என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். காசு கொடுப்பார்களா என்று கடைக்காரர் மகளுக்குக் கேட்கவே தோன்றவில்லை. கேட்காததால் அவர்களும் சொல்லவில்லை.

கனகா பக்கத்தில் நின்ற பூங்குழலியைப் பார்த்தாள். பூங்குழலி தரையைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க்கா. ரூம் எந்திரிச்சுட்டா அப்பறம் பேசி வாங்க வெச்சிரலாம்னு இருந்தேன்."

திரும்பும் வழியில் டி.நரசிபுரம் தாண்டியதும் நான் ஆறுதல் சொன்னேன். "யானைக்கும் அடி சறுக்கும்மா. விடு. கடிதம் வந்தாச்சு. இனி அது வங்கிக்கும் அவங்களுக்கும் உள்ள விஷயம்."

"சறுக்கினது நான் சார். விழப்போறது அவங்க." பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "ஐம்பது நாளைக் கழிச்சா எண்பது. வருஷத்துக்கு ரெண்டு லட்சம் துண்டு விழும். மூணாவது வருஷம் பத்திரம் போயிரும். இருபத்திரண்டு வீட்டுப் பத்திரம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அறிக்கையை நான் படிக்கவே இல்லை என்பதை அவளிடம் அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் முதலாளி தருண்குமாரிடம் போனோம். என் மகன் வயசு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடன் கைக்கு வந்தால்தான் எங்கள் கட்டணத்தில் மீதி வரும், அதில்தான் எங்கள் சம்பளமும் வரும். "கனகா அவ்ரே, எதுக்கு டென்ஷன்? இனிமே காசு வாங்கறோம்னு சங்கத்துல ஒரு லெட்டர் குடுக்கச் சொல்லுங்க. ரிப்போர்ட் அப்படியே நிக்கும்," என்றார், கன்னட மரியாதை கலந்த தமிழில்.

"லெட்டர் வேண்டாம் சார். வாங்கிப் பாக்கட்டும்."

"அப்படீன்னா?"

"கடன்ல முதல் பகுதி அவங்க கைக்கு வர இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. நடுவுல ஒரு அமாவாசை வருது. அன்னைக்கி காசு வாங்கி நடத்திப் பாக்கட்டும். முடிஞ்சா நானே லெட்டர் வாங்கிட்டு வர்றேன். முடியலைன்னா ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கறேன்."

தன் அறிக்கையைத் தானே திரும்ப வாங்கிய ஆள் என்று பேர் வந்தால் எந்த வங்கியும் இனி உங்களை நம்பாது என்று அவர் எச்சரித்தார். நம்பாவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துவிட்டாள். நான்தான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அசடு வழிந்துவிட்டு வந்தேன்.

கோம்பைத்தொட்டியில் சங்கம் கூடியது. கனகா நின்றுகொண்டு, சுற்றி வளைக்காமல், "தப்பு என்னோடது," என்று ஆரம்பித்தாள். எண்பது நாள், ஆறு அறை, தவணை, துண்டு விழும் பணம் என்று பொறுமையாகச் சொன்னாள். லிங்கம்மா என்கிற பெண், "படிச்ச நீயே தப்புப் பண்ணினா நாங்க ஆரை நம்பறது?" என்று கத்தினாள். நியாயமான கேள்வி. கனகா தலைகுனிந்து நின்றாள்.

பூங்குழலிதான் எழுந்தாள். கோபத்தில் மூச்சு வாங்கியது. "இப்ப என்ன ஆயிருச்சு? மலை மேல கோயில் ரூமுக்கே காசு கட்டித்தான் தங்கறோம். ஆராச்சும் அத சாமி குத்தங்கறோமா? நம்மளும் வாங்கலாம். வர்ற அமாவாசைக்கே வாங்கிப் பாக்கலாம். சோத்துக்கும் நெழலுக்கும் ஆளுக்கு அறுபது ரூவா."

"ஒரு தரம் பாருங்க," என்றார் மாதம்மா கடைசியில். "ஆனா நான் ரசீது எழுத மாட்டேன்."

அமாவாசைக்கு முதல் நாள் காலை ஏழு மணிக்கே கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. பாதை ஓரம் மேசை போட்டு பூங்குழலி உட்கார்ந்தாள். பக்கத்தில் கனகா, அவள் பை. எனக்கு உள்ளூர ஓர் ஆசை, முதல் ஆளே சண்டை போட்டு எல்லாவற்றையும் முடித்துவிடுவான் என்று. எங்கே! மேட்டூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "அறுவதா? குடுத்தாப் போச்சு கண்ணு. எல்லா எடத்துலயும் குடுக்கறதுதான்," என்று நூறு ரூபாயை நீட்டினார். அடுத்தவர், அதற்கடுத்தவர். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. பதினோரு மணிக்குள் எண்பத்து நான்கு பேர். ஐயாயிரத்து நாற்பது ரூபாய்.

"பாத்தீங்களா மேடம்?" என்றாள் பூங்குழலி. கனகாவை அவள் அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திப் பத்து நாளாகியிருந்தது.

கனகா, "பாத்தேன். நல்லா வாங்கற," என்றாள். சத்தியமாகச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவள் அந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தாள் என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

வினை அடுப்புப் பக்கமிருந்து வந்தது. களி கிண்டிக்கொண்டிருந்த லிங்கம்மா துடுப்பை அண்டாவில் அப்படியே விட்டுவிட்டு வந்தாள். பின்னால் இன்னும் ஐந்தாறு பேர்.

"ஏம்புள்ள பூங்குழலி, காசு வாங்கிட்டுத்தான் சோறு போடறமா?"

"அதான சங்கத்துல பேசினோம்?"

"பேசினோம். நானும் சரின்னேன். இல்லைங்கல. ஆனா காசு வாங்கினா இது ஓட்டலு. ஓட்டல்ல எம்பாட்டுக்கு வெடியால இருந்து களி கிண்டினா கூலி குடுக்கோணும். காட்டு வேலைக்குப் போனா முந்நூத்தி அம்பது தர்றாங்க. எம்மாவுக்கும் வெறகுக்கும் வெலை போட்டுக் குடுத்துரு. சாமிக்குன்னா நான் எம்மாவு கேக்க மாட்டேன், எங்கைய கேக்க மாட்டேன். ஏவாரத்துக்கு ஏன் சும்மா குடுக்கோணும்?"

அவள் சண்டைக்கு வரவில்லை. கடையில் உப்பு என்ன விலை என்று கேட்கிற குரல். பின்னால் நின்றவர்களும் தலையை ஆட்டினார்கள். பூங்குழலி மாதம்மாவைத் தேடினாள். அவர் தொலைவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பூங்குழலி கெட்டிக்காரி. வாதம் பண்ணாமல், "தர்றேன். எல்லாருக்கும் தர்றேன். மொதல்ல பந்திய முடிங்க," என்றாள். கூலி என்றதும் வேலை மறுபடி நடந்தது. பணம் கொடுத்த எண்பத்து நான்கு பேருக்கும் களி, குழம்பு, மோர் குறைவில்லாமல் போயிற்று. நானும் இரண்டு உருண்டை விழுங்கினேன். பந்தி முடிந்ததும் கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, அவளே கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். கனகா கிட்டே போகவில்லை. நான் போகப் போனேன், என் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

பதினாலு பேருக்குக் கூலி நாலாயிரத்துத் தொள்ளாயிரம். மாவு, அவரைக்காய், விறகு இரண்டாயிரத்து முந்நூறு. செலவு ஏழாயிரத்து இருநூறு. வரவு ஐயாயிரத்து நாற்பது. சும்மா போட்டபோது சங்கத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லாத சோறு, காசுக்குப் போட்டதும் இரண்டாயிரத்து நூற்று அறுபது ரூபாய் நஷ்டம். நான் முப்பது வருஷமாகக் கணக்குப் புஸ்தகத்தோடு குப்பை கொட்டுகிறவன். ஊரே சேர்ந்து சும்மா போடுகிற சோற்றுக்குப் பின்னால் எத்தனை கை இருக்கிறது என்பதை எந்தப் பத்தியிலும் எழுதிப் பார்த்ததில்லை.

பூங்குழலி மூன்று தரம் கூட்டினாள். மூன்று தரமும் அதேதான் வந்தது. எழுந்து வந்து கனகாவிடம் நோட்டைக் கொடுத்தாள். "தொண்ணூறு வாங்கினா தேறும்," என்றாள்.

"தேறும்," என்றாள் கனகா. "ரூமுக்கும் இதே கணக்குத்தான். நீ அமாவாசைக்கு ரூமுக்கு வாடகை வாங்கினா, அன்னைக்கிப் பெருக்கறதுல இருந்து தண்ணி தூக்கற வரைக்கும் கூலி. செலவுன்னு நான் போட்டது மத்த நாள் செலவு. இவங்க கை சும்மா வராது. அதையும் சேத்துப் போட்டா எங்க வந்து நிக்குதுன்னு நீயே பாரு."

அவள் போட்டுப் பார்க்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஓசூர் வேலையை விட்டது, இரண்டு வரனைத் தட்டியது, எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். கனகா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். அதற்குள் பாதையில் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. மாதம்மா வந்து மேசையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "வாங்க சாமி, கை கழுவுங்க," என்றார். வாங்கிய கூலியை லிங்கம்மா மேசைமேல் வைத்துவிட்டு அடுப்புக்குப் போனாள். மற்றவர்களும் அப்படியே வைத்தார்கள்.

மைசூரில் தருண்குமார் கத்தவில்லை. இனிமேல் காட்டுப் பக்கத்துத் திட்டம் எதுவும் கனகாவுக்கு இல்லை, கடைக்காரர்களின் வரிக் கணக்கை மட்டும் பார்த்தால் போதும் என்றார். "சரிங்க சார்," என்றாள். அறிக்கையைத் திரும்ப வாங்கும் கடிதத்தை அன்றைக்கே எழுதினாள். இந்தத் தடவை நான் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் வேலை நிலைக்குமா என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தேன். நிலைத்தது. அது வேறு கதை.

ஆனால் எங்கள் கடிதம் மட்டும் போதாது. சங்கம் கடன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் பத்திரங்களைத் திருப்பித் தருவோம் என்றது வங்கி. எழுத வேண்டியது செயலாளர். நாலு நாள் போன் எடுக்கவில்லை பூங்குழலி. கடன் பணம் விழ மூன்று நாள் இருக்கும்போது கனகா லீவு போட்டுவிட்டுக் கொள்ளேகாலுக்குப் போய் வங்கி வாசலில் உட்கார்ந்தாள். பூங்குழலி வருவாள் என்று யாரும் சொல்லவில்லை. "வரலைன்னா நாளைக்கும் உக்காருவேன்," என்று என்னிடம் போனில் சொன்னாள். தனியாக இருக்கிறாளே என்று இரண்டாம் நாள் நானும் போய் உட்கார்ந்தேன்.

அன்று பதினோரு மணிக்கு பூங்குழலி வந்தாள். மாதம்மாவும் கூட வந்திருந்தார். எங்களிடம் பேசாமல் உள்ளே போய் எழுதிக் கொடுத்தாள். இருபத்திரண்டு பத்திரத்தையும் ஒவ்வொன்றாகப் பேர் படித்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து கனகாவின் முன்னால் நின்றாள்.

"எனக்கு உங்க மேல கோவம் இன்னும் போகலீங்க."

"போக வேண்டாம்," என்றாள் கனகா. "நிலம் போகல. எனக்கு அது போதும்."

பூங்குழலி பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "ரெண்டே ரூம். இருக்கற வீட்டுலயே சேத்துக் கட்டறது. நாலு லட்சம். அமாவாசை, நோம்பி, எல்லாத்தையும் கழிச்சுட்டேன். அன்னைக்கி அந்த ரூம்லயும் நடக்கறவங்கதான் படுப்பாங்க. சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

கனகாவின் கை அந்தத் தாளை நோக்கிப் போனது. எண்களைக் கண்டால் அவளுக்கு ஆகும் பரபரப்பு எனக்குத் தெரியும். வாங்கிப் பிரித்தாள், ஒரு வரி படித்தாள். பிறகு மறுபடி மடித்து, பூங்குழலியிடம் கொடுக்காமல், மாதம்மாவின் கையில் வைத்தாள்.

"எனக்கு அப்பறம் காட்டலாம். மொதல்ல லிங்கம்மா அடுப்புக்கிட்ட உக்காந்து, ஒரு வரி விடாம எல்லாருக்கும் படிச்சுக் காட்டு. எந்த வரிக்கு அவங்க குறுக்க பேசறாங்களோ, அங்கதான் கணக்கு தப்பு."

மாதம்மா அந்தத் தாளை முந்தானையில் முடிந்துகொண்டார். மலைக்குப் போகும் பஸ் வந்தது. மாதம்மாவும் பூங்குழலியும் ஏறினார்கள். எனக்கு மைசூர் பஸ். கனகாவுக்கும் மைசூர் பஸ்தான். அவளை மலை பஸ்ஸில் ஏறச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே ஏறி, பூங்குழலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.